காய்ச்சல் பார்த்த வாசல்

2020 ஜூலை மாதத் தொடக்கத்தில் கொழும்பு 13, ஜிந்துப்பிட்டியில் ஒருவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர். தனிமைப்படுத்தல் நாட்களை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தவர். அவர் வீட்டை அண்டி வாழ்ந்த குடும்பங்களைச் சேர்ந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த நாட்களில் வங்கி, கடை, அலுவலகம் என எங்கே போனாலும் நெற்றிக்கு நேரே வெப்பமானி நீளும். விமான நிலையத்திலும் பெரிய கட்டடங்களிலும் வருவோர் போவோரின் சூட்டை நிறங்களாக்கிக் காட்டும் கமரா நிற்கும். ஜிந்துப்பிட்டித் தொற்றை உறுதி செய்தது இவற்றில் எதுவுமல்ல, பிசிஆர் பரிசோதனை. இதை ஒரு கருவியின் தற்செயலான தவறு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த வட்டாரத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது அப்படி ஒதுக்க முடியவில்லை. காய்ச்சல் பார்த்து நோயை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கை கொழும்பில் நூறாண்டுக்கும் மேல் பழையது. அதிகாரியின் கை, வைத்தியரின் வெப்பமானி, கமரா என்று கருவி இரண்டு தடவை மாறியது, நம்பிக்கை மாறவில்லை. மின்கம்பியிலும் இயந்திரத்திலும் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் வெப்பப்படம் மனிதக் கூட்டத்தின் முன் ஏன் திரும்பத் திரும்பத் தோற்கிறது என்பதற்கு என் விடை இது: கம்பியில் சூடு என்பது பழுதேதான், உடம்பில் சூடு என்பது பழுதுக்கு உடம்பு கொடுக்கும் பதில். அந்தப் பதில் பிந்தி வரலாம், வராமலும் போகலாம், வேறொரு பழுதுக்காகவும் வரலாம்.

ஜிந்துப்பிட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தாலே இந்தக் கதை ஏன் அதைச் சுற்றி வருகிறது என்பது தெரியும். துறைமுகத்திலிருந்து நடந்து வரும் தூரம். அருகே நகைக்கடைகளும் பழைய கதிரேசன் கோயில்களும் நிறைந்த செட்டியார் தெரு. கடலோரமாகக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். மேட்டில் ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய வுல்வெண்டால் தேவாலயம். ஜிந்துப்பிட்டிக்குள்ளேயே சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும், ஆளுநர் பிரவுன்றிக் காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக எழுந்த புனித தோமையார் ஆலயமும் இருக்கின்றன. கப்பலில் வந்திறங்கியவர் முதலில் கால் வைத்ததும், வேலை தேடியதும், உறவினர் வீட்டில் ஒண்டியதும் இந்தத் தெருக்களில்தான். மூட்டை சுமந்தவர், நகரசபைத் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, தட்டார், வட்டிக்கடைக்காரர் என்று பல தரப்பினரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். வருகிறவர்களால் உண்டான ஊர் என்பதால், வருகிறவர்களைப் பற்றி அரசுக்கு எழும் அச்சமெல்லாம் முதலில் இங்கேதான் வந்து விழுந்தது.

தமிழில் இந்த நோய்க்குறியின் பெயரே சூடுதான். பாலைக் காய்ச்சுகிறோம், இரும்பைப் பழுக்கக் காய்ச்சுகிறோம், உடம்பு காய்ந்தால் காய்ச்சல் என்கிறோம். யாழ்ப்பாணத்தில் ‘மேல் காயுது’ என்றால் காய்ச்சல் என்று குழந்தைக்கும் தெரியும். பாலுக்கும் இரும்புக்கும் மனிதனுக்கும் ஒரே வினைச்சொல். புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்க்கும் தாயின் அறிவு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதே மொழி இன்னொன்றையும் கண்டுவைத்திருக்கிறது: வெறும் காய்ச்சல் என்று சொன்னால் எதுவும் சொன்னதாகாது. நெருப்புக் காய்ச்சல், எலிக் காய்ச்சல், மஞ்சட் காய்ச்சல், டெங்குக் காய்ச்சல், முறை வைத்து வரும் முறைக் காய்ச்சல் என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்த பிறகுதான் வைத்தியர் மருந்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார். ஐரோப்பிய மருத்துவமும் ஏறக்குறைய இதே வழியில் வந்ததுதான். ஜேர்மனியில் கார்ல் வுண்டர்லிக் ஏறத்தாழ 25,000 நோயாளரின் உடல் வெப்பத்தை அளந்து 1868இல் தன் நூலை வெளியிட்டார். அதற்கு ஓராண்டு, ஈராண்டு முன்னர்தான் இங்கிலாந்தில் கிளிஃபர்ட் ஆல்பட் சில நிமிடங்களில் அளந்துவிடக்கூடிய சிறிய வெப்பமானியை ஆக்கியிருந்தார். காய்ச்சல் ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம் என்பதை நிலைநிறுத்தியதே வுண்டர்லிக்கின் பெரிய பணி. அவர் பார்த்தது ஒரு தடவை அளந்த எண்ணை அல்ல. காலையும் மாலையும் நாட்கணக்கில் ஏறி இறங்கிய கோட்டை. அவருடைய கருவி வாசல்களுக்குப் போனபோது அந்தக் கோடு கைவிடப்பட்டது. ஒரு கணத்து எண் மட்டும் எஞ்சியது.

நோய்க்கு அஞ்சி வாசலை அடைக்கும் அரசாணை, கொழும்புத் தமிழரின் வாழ்வில் எதிர்பாராத ஒரு தடத்தையும் பதித்திருக்கிறது. வாந்திபேதிக்கு அஞ்சி அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியதால், அங்கே நடத்திய ஆடிவேல் விழாவை நகரத்தார் 1874இல் கொழும்பிலேயே எடுக்கத் தொடங்கினார்கள் என்பது வழங்கிவரும் வரலாறு. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் வேல் இரதம் ஒரு சுகாதாரக் கட்டுப்பாட்டின் பிள்ளை என்றால் மிகையில்லை. யாத்திரிகருக்கு விழுந்த இந்தக் கட்டு, பின்னர் தொழிலாளர் மேல் இன்னும் இறுக்கமாக விழுந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் தலைகாட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதற்குப் பலியாகவிருந்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் இன்றி வேலை நடக்காது. அவர்களோடு நோய் வந்துவிடுமோ என்ற அச்சமும் விடாது. இந்த இரண்டுக்கும் நடுவே பிறந்தவைதான் முகாம்கள். கொழும்புக்கு வடக்கே ராகம முகாம், தூத்துக்குடி வழியில் தட்டப்பாறை முகாம், 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற்சேவையும் தொடங்கிய பின் மண்டபம் முகாம். தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் போர்க்கைதிகளை அடைத்துவைத்த ராகமதான், தோட்டத் தொழிலாளரையும் நோய்க்காகத் தடுத்துவைத்தது. மண்டபத்தில் அவர்கள் நாட்கணக்கில் நிறுத்தப்பட்டார்கள். உடம்பு பரிசோதிக்கப்பட்டது, துணிமணிகளும் தப்பவில்லை, அம்மைப்பால் குத்தப்பட்டது. அதே நேரத்தில் சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறிய வசதியான பயணி, கொழும்புக் கோட்டை வரைக்கும் ஒரே பயணச்சீட்டில் வந்து இறங்கினார். பிளேக்கைக் கடத்தும் தெள்ளுக்கு முதலாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பேதம் இல்லை. பரிசோதனைக்கு இருந்தது.

இவ்வளவு காவலுக்கு நடுவே, மண்டபம் வழி திறந்த அதே ஆண்டில், பிளேக் கொழும்புக்கு வந்தது. 1914 ஜனவரியில் புறக்கோட்டையின் தானியக் கிடங்குகளை அண்டிய நெருக்கமான தெருக்களில், அதாவது ஜிந்துப்பிட்டியின் அண்டையிலேயே, அது காலூன்றியது. தொடக்கத்தில் கண்ட நோய்களில் பல, அக்குளிலோ தொடை இடுக்கிலோ கழலை காட்டாத வகை. நோய் நேரே இரத்தத்தில் கலந்து, காய்ச்சல் கண்ட ஓரிரு நாளில் ஆளைக் கொண்டுபோனது. வாசலில் நின்ற பரிசோதகர் தேடிய அடையாளமோ கழலை. காய்ச்சல் இருந்தது, ஆனால் அந்தத் தெருக்களில் காய்ச்சல் எந்த நாளில்தான் இல்லை? இந்த இடத்தில்தான், நம் பாடநூல்களில் இடம்பெறாத ஒருவரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட், மனிதரின் உடம்பை விட்டுவிட்டு எலியின் உடம்பைப் பார்த்தவர். பிளேக்கை எலித் தெள்ளு கடத்துகிறது என்று போல்-லூயி சிமோன் 1898இல் கராச்சியில் கண்டதும், இந்தியப் பிளேக் ஆணைக்குழு பின்னர் அதை ஐயமற நிறுவியதும் அவருக்குத் தெரியும். 1913இலேயே, கொழும்பில் பிளேக் வருமுன்பே, அவர் இந்நகர எலிகளின் மேலிருந்த தெள்ளுகளைச் சேகரித்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். இந்தியாவில் பிளேக் பரவிய பகுதிகளில் நிறைந்திருந்த ‘கியோபிஸ்’ இனம் அல்ல அவை. ‘அஸ்டியா’ என்ற வேறோர் இனம். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சென்னையும் கொழும்பும் இவ்வளவு காலம் பிளேக்கிலிருந்து தப்பியதற்கு இந்தச் சின்னஞ்சிறு வேறுபாடே காரணமாக இருக்கலாம் என்ற கருத்து அங்கே பிறந்தது.

பிளேக் வந்த பிறகு அந்தக் கருத்து சோதனைக்கு உள்ளானது. மாநகர சுகாதார வைத்திய அதிகாரி மார்ஷல் பிலிப்பும் ஹர்ஸ்டும் சேர்ந்து 1914 முதல் 1916 வரையான கொழும்புப் பிளேக்கைப் பற்றி எழுதிய அறிக்கையும், ஹர்ஸ்ட் 1920களில் செய்த ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டின: நோய் ஊன்றிய பகுதிகளில், முக்கியமாகத் தானியக் கிடங்குகளில், கியோபிஸ் தெள்ளு குடியேறியிருந்தது. அது வந்த வழி மூட்டை. வந்திறங்கிய கூலித் தொழிலாளியின் உடம்பை மண்டபத்திலும் ராகமவிலும் நாட்கணக்கில் பார்த்த அரசு, அவருக்குச் சோறாகப்போகும் தானியத்தோடு வந்ததைப் பார்க்கவில்லை. அரிசி மூட்டைக்குக் காய்ச்சல் வராது. அஸ்டியா நிறைந்த இடங்களில் நோய் வேர்விடாததால் இந்தியாவில் போல நாடெங்கும் பேரழிவு நேரவில்லை. கொழும்பின் நெரிசலான கிடங்குத் தெருக்கள் மட்டும் அதன் சுமையை ஆண்டுக்கணக்கில் தாங்கின. ஹர்ஸ்ட் பல ஆண்டுகள் கழித்து, 1953இல், பிளேக்கை மனிதன் வென்ற வரலாற்றை ஒரு பெருநூலாக எழுதினார். கொழும்பைக் காத்த அறிவு எலிப்பொறியிலிருந்தும் ஆய்வுகூட மேசையிலிருந்தும் வந்தது என்பதே என் வாதத்தின் முதற்சான்று. வாசலில் அளந்த சூடு அந்த அறிவுக்கு எதையும் கொடுக்கவில்லை.

இனிக் கமராவின் கதை. 1800இல் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், அது ஏறியது. சூடான பொருள் எல்லாம் ஒளிர்கிறது, அந்த ஒளியின் பெரும்பகுதி நம் கண்ணுக்கு எட்டாதது என்ற உண்மை அங்கிருந்து தொடங்குகிறது. செட்டியார் தெருத் தட்டாருக்கு இதில் ஒரு பாதி பரம்பரையாகத் தெரியும். ஊதுகுழலின் முன் பொன் மங்கிய சிவப்பிலிருந்து செஞ்சிவப்புக்கும் அதன்பின் மஞ்சளுக்கும் போவதைப் பார்த்தே எப்போது பற்றவைக்கும் பொடி ஓடும், எப்போது நகையே உருகிவிடும் என்று அவர் கணித்துவிடுவார். பொன் உருகும் 1,064 பாகையை அவர் எண்ணால் அறியார்; நிறத்தால் அறிவார். ஆனால் ஏறக்குறைய ஐந்நூறு பாகைக்குக் கீழே எந்தப் பொருளும் நம் கண்ணுக்கு ஒளிர்வதில்லை. முப்பத்தேழு பாகையில் இருக்கும் மனித உடம்பும், எழுபது பாகைக்குச் சூடாகிவிட்ட மின்இணைப்பும் அந்த இருட்டுக்குள்தான் இருக்கின்றன. வெப்பக் கமரா அந்த இருட்டைப் படிக்கும் கண். படைத்துறைத் தேவைக்காக வளர்ந்த இந்த நுட்பத்தை முதலில் வணிகப் பொருளாக்கியது சுவீடனின் ஆகா நிறுவனம், 1965இல். அதன் முதல் வேலையே உயரழுத்த மின்கம்பிகளைப் பரிசோதிப்பது. அந்தத் தலைமுறைக் கமரா மட்டும் 25 கிலோ எடை. அதன் உணரியைக் குளிர வைக்கத் திரவ நைதரசனும் கூடவே போக வேண்டும். அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் படைத்துறைக்காக ஆக்கிய, குளிரூட்டல் வேண்டாத உணரியின் இரகசியக்காப்பு 1992இல் நீங்கிய பிறகுதான் இக்கருவி கைக்கு அடக்கமாகி, மின்தொழிலாளியின் பைக்குள் வந்தது.

கம்பியில் இது ஏன் இவ்வளவு நம்பத்தக்கது? தளர்ந்த இணைப்பில் தடை கூடுகிறது. தடை கூடிய இடத்தில் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் பிறக்கிறது. வெப்பம் உலோகத்தைத் துருவேற்றி இணைப்பை இன்னும் தளர்த்துகிறது. அந்தச் சூட்டுக்கும் பழுதுக்கும் இடையில் வேறெதுவும் நிற்பதில்லை. இணைப்பு தன் பழுதை மறைக்க நினைப்பதில்லை, காய்ச்சல் மாத்திரை விழுங்குவதுமில்லை. பக்கத்திலேயே அதே சுமையைத் தாங்கும் இன்னும் இரண்டு இணைப்புகள் இருக்கும். மூன்றையும் ஒப்பிட்டால் எது வேறுபடுகிறது என்று உடனே தெரிந்துவிடும். இங்கே ஒரு மறுப்பு எழலாம்: உலோகத்திலும் கமரா ஏமாறுவதில்லையா? ஏமாறும். துலக்கிய செம்பும் பித்தளையும் தம் வெப்பத்தை மிகக் கொஞ்சமாகவே கதிர்வீசும். சுற்றிலும் உள்ளவற்றின் வெப்பத்தை ஆடிபோல் திருப்பி அனுப்பும். நன்றாகத் துலக்கிய குத்துவிளக்கைக் கமராவால் பார்த்தால் விளக்கின் சூட்டைவிடப் பார்ப்பவரின் சூடுதான் அதில் தெரியும். மினுங்கும் உலோகப் பட்டை சூடேறியிருந்தும் குளிர்ந்ததாகத் தோன்றி ஆளை மோசம் போக்கிய அனுபவம் இத்துறையில் புதிதல்ல. ஆனால் இந்தப் பிழைக்குக் கணக்கு உண்டு. எந்தப் பரப்பு எவ்வளவு கதிர்வீசும் என்று அட்டவணை இருக்கிறது. கறுப்பு நாடா ஒட்டி அளக்கலாம், கோணத்தை மாற்றிப் பார்க்கலாம். மனிதத் தோலோ, வியப்பாக, கதிர்வீசுவதில் ஏறக்குறையப் பூரணமானது. கமராவுக்கு உலோகத்தைவிடத் தோல் எளிது. ஆகவே உடம்பில் நேரும் தோல்விக்குக் கமராவின் கண்ணைக் குறைசொல்ல முடியாது. அது பார்ப்பதன் பொருள்தான் உறுதியற்றது.

இதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று கிடக்கிறது. கனடாவின் மொன்றியாலில் ரே லோசன் என்ற வைத்தியர், மார்பகப் புற்றுள்ள இடத்தில் தோல் அதிகம் சூடாக இருப்பதைக் கண்டு 1956இல் எழுதினார். வெட்டாமல், கதிர் பாய்ச்சாமல் புற்றைக் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை பரவியது. அமெரிக்காவில் 1973இல் தொடங்கிய பெரிய மார்பகப் புற்றுப் பரிசோதனைத் திட்டத்தில் வெப்பப்படமும் சேர்க்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டது. இருந்த புற்றுகளில் பெரும்பகுதியை அது தவறவிட்டது; புற்றே இல்லாத சூட்டை அது காட்டியது. லோசன் பொய் சொல்லவில்லை. அவர் கண்ட சூடு மெய். அந்தச் சூடு எல்லாப் புற்றிலும் வருவதில்லை என்பதும் அதே அளவுக்கு மெய். அடுத்த பெரும் சோதனை 2003இல் சார்ஸ் நோயோடு வந்தது. சிங்கப்பூர் தன் படைத்துறை வெப்பக் கமராக்களைச் சில நாட்களிலேயே மாற்றியமைத்து விமான நிலையத்தில் நிறுத்தியது. உலகமெங்கும் அதைப் பின்பற்றினார்கள். கனடாவில் அந்த ஆண்டு விமான நிலையங்களில் நடந்த வினாத்தாள், வெப்பக் கமராப் பரிசோதனைகள் ஏறத்தாழ 65 இலட்சம்; மேலதிக சோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 9,100 பேர்; அவர்களில் சார்ஸ் கண்டவர் ஒருவர்கூட இல்லை. சார்ஸ் இந்த முறைக்கு மிகச் சாதகமான நோய் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் காய்ச்சல் வந்து பல நாட்கள் கழிந்த பிறகே நோயாளி மற்றவருக்கு அதிகமாகத் தொற்றவைப்பார். அப்படிப்பட்ட நோயிலேயே விளைவு இது.

கொரோனாவில் இந்தச் சாதகமும் இல்லை. காய்ச்சல் வருமுன்பே அது தொற்றும். சீனாவில் 1,099 நோயாளரை ஆராய்ந்து 2020இல் வந்த புகழ்பெற்ற கட்டுரையின்படி, வைத்தியசாலையில் சேரும்போது காய்ச்சல் இருந்தவர்கள் 43.8 சதவீதம் மட்டுமே. வைத்தியசாலைக்கு வருமளவுக்கு நோயுற்றவர்களிடமே பாதிக்கும் குறைவு என்றால், தன் காலில் நடந்து வாசலைக் கடப்பவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? இலங்கையின் முதல் நோயாளியான சீனப் பெண் பயணிக்கு 2020 ஜனவரி 27 அன்று தொற்று உறுதியானது; நாட்டுக்குள் வந்து சில நாட்களுக்குப் பின்பே நோய் தெரிந்தது. அவர் வந்த அன்று எந்த வாசலில் எந்தக் கருவி நின்றிருந்தாலும் காட்டியிருக்க ஒன்றும் இல்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் எழுந்தமானமாக எடுத்த பிசிஆர் மாதிரிகளில் 49 பேருக்குத் தொற்று தெரிந்தது. அதைத் தொடர்ந்து கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் என வடகொழும்பு வாரக்கணக்கில் அடைக்கப்பட்டது. தினம் விடியுமுன் சந்தைக்குப் போய் மீன் வாங்கி விற்ற, மூட்டை இறக்கிய மனிதர்கள் எல்லோரும் காய்ச்சலோடு வேலைக்குப் போனவர்கள் அல்லர். 1914இல் மூட்டையோடு வந்ததை எப்படி மனித உடம்பில் தேடினார்களோ, அப்படியே 2020இல் மூச்சில் வந்ததை நெற்றியில் தேடினோம்.

எதிர்வாதங்களில் வலுவானது, ஒன்றுமில்லாததைவிட இது மேலல்லவா என்பது. சல்லடைக் கண் பெரிதாக இருந்தாலும் கொஞ்சமாவது நிற்குமே. காய்ச்சலோடு பயணம் போனால் பிடிபடுவோம் என்ற பயத்தில் சிலர் வீட்டிலேயே தங்கிவிடுவார்களே. இந்த இரண்டாவது பகுதியை நான் மறுக்கவில்லை. வராமல் நின்றவரை யாராலும் எண்ண முடியாது. ஆகவே அந்தப் பயன் இருக்கலாம். ஆனால் சல்லடை என்ற உவமை சரியாகப் பொருந்தவில்லை. சல்லடை கல்லை நிறுத்தி மாவை விடும். கொழும்பு போன்ற நகரில் காய்ச்சல் சல்லடை நிறுத்துவது பெரும்பாலும் வேறு கற்களை. 2017இல் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அப்படியொரு காலத்தில் வாசலில் கமரா வைத்தால் அது டெங்குக்காரரைப் பிடித்துக் கொரோனாக்காரரை உள்ளே விடும். மத்தியான வெயிலில் நடந்து வந்தவரின் தோல் சூடாக இருக்கும். குளிரூட்டிய வாகனத்தில் வந்து இறங்கியவரின் நெற்றி குளிர்ந்திருக்கும். கமரா பார்ப்பது தோலை. காய்ச்சல் இருப்பது உள்ளே. கண்ணின் உள்மூலையை, ஒரு நேரத்தில் ஒருவராக நிறுத்தி, சீரான அறை வெப்பத்தில் அளந்தால்தான் இக்கருவி ஓரளவு நம்பத்தக்கது என்று அதைப் பரிந்துரைப்பவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். கூட்டமாக நடந்துபோவோரைத் தூரத்திலிருந்து பார்க்கும் கமரா இந்த நிபந்தனைகளில் எதையும் நிறைவேற்றவில்லை. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படும் தீங்கு, வாசலைக் கடந்தவருக்கு அது கொடுக்கும் பொய்யான தைரியம். தன் எண் சரியாக இருந்தது என்ற நிம்மதியில் முகக்கவசம் தாடைக்கு இறங்கிவிடும்.

இன்னொரு எதிர்வாதம் நியாயத்தைச் சேர்ந்தது. முன்பு அதிகாரி பெண்களின் அக்குளையும் தொடையையும் தடவிக் கழலை தேடினார். மண்டபத்தில் ஏழைகள் நாட்கணக்கில் அடைபட்டார்கள். புனேயில் பிளேக் பரிசோதனையின் அத்துமீறல்களால் எழுந்த ஆத்திரம் 1897இல் ராண்ட் என்ற அதிகாரியின் கொலையில் முடிந்தது. கமரா யாரையும் தொடுவதில்லை. சாதி, வகுப்பு கேட்பதில்லை. அந்த அளவில் இது முன்னேற்றமே, அதை மனமாரச் சொல்கிறேன். ஆயினும் கமரா நிறுத்திய பிறகு நடப்பதைத் தீர்மானிப்பது கமரா அல்ல. ஒருவர் தனி வீட்டில் இருந்தால் வீட்டிலேயே தனிமைப்படலாம். பொதுக் குழாயிலும் பொதுக் கழிவறையிலும் வாழ்கிறவர்களின் வரிசை வீடுகளில் ஒருவருக்குத் தொற்றென்றால் வரிசை முழுவதும் தொடர்பாளர்தான். ஜிந்துப்பிட்டியிலிருந்து நூற்றைம்பது பேர் அனுப்பப்பட்டதில் அதிகாரிகளின் கணக்குப் பிழை என்று நான் சொல்லவில்லை. தொற்றின் தர்க்கப்படி அது தேவையாகக்கூட இருந்திருக்கலாம். அந்தத் தேவையை உண்டாக்கியது காய்ச்சலல்ல, நெரிசல். 1914இன் பிளேக் அறிக்கைகள் பேசியதும் இதே தெருக்களின் நெரிசலையும் காற்றோட்டமின்மையையும் கிடங்கை ஒட்டிய குடியிருப்பையும்தான். பிற்காலத்தில் அந்த மண்டபம் முகாமே இலங்கையிலிருந்து போரால் துரத்தப்பட்ட தமிழ் அகதிகளுக்கு முகாமானது என்பதையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நூற்றாண்டில் கடல் கடந்து போகுமுன் நிறுத்திவைத்த அதே மணலில், கடல் கடந்து திரும்பியவர்கள் நிறுத்திவைக்கப்பட்டார்கள்.

வெப்பக் கமராவே வேண்டாம் என்பது என் முடிவல்ல. கொழும்பின் பழைய வணிகத் தெருக்களில் அதற்கு நேர்மையான வேலை ஒன்று காத்திருக்கிறது. இந்நகருக்கு மின்சாரம் வந்தது 1890களில். பவுஸ்டெட் சகோதரர் நிறுவனம் 1895இல் கோட்டையின் பிரிஸ்டல் கட்டடத்தில் மின்னாக்கியை நிறுவியது, அந்த நூற்றாண்டு முடியுமுன் டிராம் வண்டிகளும் ஓடின. அதன்பின் கட்டடங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகக் கம்பியின் மேல் கம்பி ஏறியது. விசிறிக்கும் குமிழுக்கும் போட்ட வயரில் பிறகு குளிர்சாதனப் பெட்டியும் குளிரூட்டியும் வந்து ஏறின. ஒரு கடை மூன்று கடையாகப் பிரிந்தபோது அதே பலகையிலிருந்து மூன்று இணைப்புகள் போயின. இத்தகைய பலகையில் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று மூடியைத் திறந்து வெறுங்கண்ணால் பார்த்தால் தெரியாது. கருகிய வாடை வரும்போது காலம் கடந்திருக்கும். வாசல்களுக்காக வாங்கிய காய்ச்சல் கமராக்களில் பல இதற்கு உதவமாட்டா. அவை முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட பாகைகளை மட்டும் அளக்கும்படி ஒடுக்கப்பட்டவை. மின்பரிசோதனைக்கென்று ஆக்கிய கமரா, அதைப் படிக்கத் தெரிந்த ஒரு மின்தொழிலாளி, திறந்த பலகை, இவற்றோடு சரியான நேரமும் வேண்டும். சுமையில்லாத நேரத்தில் பழுதான இணைப்பும் குளிர்ந்தே கிடக்கும். செட்டியார் தெருவில் அந்த நேரம், நகைக்கடைகளின் விளக்குகள் அத்தனையும் எரிந்து குளிரூட்டிகளும் ஓடிக்கொண்டிருக்கும் மாலை ஆறு, ஏழு மணி.